முப்பத்தொரு மில்லிமீட்டர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு சைக்கிள் கடை வாசலில். எந்தக் கடையிலும் இல்லாத ஓர் எண்ணைக் கேட்டபடி ஒரு தையல்காரி நின்றிருந்தாள். ரேஸ் சைக்கிளுக்கு முன் ஃபோர்க் வேண்டும். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்குமே, அந்தக் கவை. வளைவு முப்பத்தொரு மில்லிமீட்டர். நாற்பது கிடைக்கிறது, நாற்பத்தைந்து கிடைக்கிறது, ஐம்பதும் உண்டு. முப்பத்தொன்று மட்டும் இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவள்...’

(அடித்துவிட்டேன். மழை பெய்திருந்தால் அவள் சைக்கிளையே எடுத்திருக்க மாட்டாள்.)

வெளியூர் போயிருந்த தங்கையின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்து ஒரு குழியில் இறக்கினாள். ஃபோர்க் பின்பக்கமாக மடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தங்கை வருகிறாள். இரண்டு வருஷம் பேசாமல் இருந்து, போன மாதம்தான் இருவரும் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தச் சண்டையும் கேட்காமல் எடுத்த ஒரு பொருளால் வந்ததுதான். (என்ன பொருள் என்று கேட்காதீர்கள். மூன்றை எழுதிப் பார்த்தேன். மூன்றும் சைக்கிளை ஓரங்கட்டப் பார்த்தன.)

3

ஒரு சின்ன விளக்கம். ஹேண்டிலிலிருந்து இறங்கும் குழாயை அதே சாய்வில் தரைவரை நீட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் அச்சு அந்தக் கோட்டில் இருக்காது. கொஞ்சம் முன்னே தள்ளியிருக்கும். அந்தத் தூரம்தான் வளைவு. அது கூடினால் ஹேண்டில் துறுதுறுவென்று திரும்பும். குறைந்தால் முரண்டு பிடிக்கும்.

(இதை நான்கு பக்கம் எழுதியிருந்தேன். மூன்றே முக்கால் பக்கத்தை எடுத்துவிட்டேன். நன்றியெல்லாம் வேண்டாம்.)

4

மெக்கானிக்கை அதிகம் பேசாதவராகத்தான் எழுத நினைத்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை.

“முப்பத்தொண்ணுன்னு யார் சொன்னா?”

“நானேதான் அளந்தேன். பழைய ஃபோர்க்க ரெண்டு தடவ அளந்தேன்.”

“எத, இந்த மடங்கிப்போனதையா?”

“ஆமா.”

“அக்கா, நீங்க துணி தைக்கிறவங்க. துவைச்சுச் சுருங்கின சட்டைய வச்சு யாருக்காவது அளவு எடுப்பீங்களா?”

அவள் கையிலிருந்த அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

“சரி, நாப்பதோ அம்பதோ, ஏதோ ஒண்ண மாட்டிக் குடுங்க.”

“எத வேணா மாட்டலாம். உங்க தங்கச்சி கைய விட்டு ஓட்டுவாங்களா?”

“அவ அப்படித்தான் ஓட்டுவா.”

“அப்போ தெருமுனைக்குள்ள கண்டுபிடிச்சிருவாங்க. இது அவங்களா ஒவ்வொண்ணா வாங்கிக் கோத்த வண்டி. எந்த அளவு போட்டாங்கன்னு அவங்களத்தான் கேக்கணும்.”

5

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில், தங்கையின் மேசையைக் குடைந்து பழைய ரசீதைக் கண்டெடுக்கிறாள். (மறுபடியும் கேட்காமலா?) இன்னொன்றில், ஐம்பதை மாட்டிவிட்டு, ஹேண்டில் ஒருமாதிரி திரும்புகிறதே என்று தங்கை கேட்டதும், “டயர்ல காத்து கம்மியா இருக்கும்டி” என்கிறாள். மூன்றாவதை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் போனை எடுத்துவிட்டாள்.

“உன் சைக்கிள் ஃபோர்க் வளைவு எவ்வளவுடி?”

“நாப்பத்தஞ்சு. ஏன்க்கா கேக்கற?”

அதற்கு அவள் சொன்ன பதிலை எழுத மாட்டேன். அவள் இடத்தில் நின்று நீங்களே சொல்லிப் பாருங்கள். நான் நான்கு தடவை எழுதி, நான்கையும் அடித்துவிட்டேன். மெக்கானிக்குக்குக் கிடைத்த ஆர்டரை மட்டும் எழுதிவிடுகிறேன்: நாற்பத்தைந்து மில்லிமீட்டர் வளைவுள்ள ஃபோர்க், அதன் குழாயைப் பழையதன் நீளத்துக்கே வெட்டி மாட்ட வேண்டும், கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போக வேண்டும்.