இலுப்பை மரத்துச் சக்ரவர்த்தி

பழிவாங்குவதற்கு ஓர் உடல்வாகு வேண்டும். எனக்கு அது கிடையாது. ஓங்கி அறையலாம் என்றால் பக்கத்து வீட்டு மிராசுதார் சக்ரவர்த்தியின் கன்னம் எனக்கு எட்டாது. ஆகவே லத்தீன் பாஷையில் பழிவாங்குவது என்று தீர்மானித்தேன்.

அவர் தோட்டத்தில், எங்கள் மதிலை ஒட்டி, ஒரு கிழட்டு இலுப்பை நிற்கிறது. அதன் பட்டையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் அடுப்புக்கரி. தண்ணீர் தெளித்தால் கண்ணெதிரிலேயே சுருள் பிரிந்து, கடுகை விடச் சிறிய இலைகளோடு பச்சைப்பசேலென்று எழுந்துகொள்ளும். பாசிக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. சயன்ஸ் வாத்தியாரான நான் சின்னக் காஞ்சிபுரத்து மரங்களையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டேன். ஓரிக்கை வரைக்கும் போய்த் தடவினேன். வேறெங்கும் இல்லை. அதனால் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மதில்மேல் ஏறி, பூதக்கண்ணாடியால் அதைப் பார்ப்பது என் வழக்கம்.

என் தங்கை மரகதவல்லியைப் பெண் பார்க்கத் திருவள்ளூரிலிருந்து வந்தார்கள். பையனுக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்தது என்பதை, அன்று அவள் குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டதிலிருந்து நானே கண்டுபிடித்தேன். பையனின் தகப்பனார் போகிற வழியில் பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறார்.

"பொண்ணு தங்கம்," என்றாராம் சக்ரவர்த்தி. "தமையன் யதிராஜன்தான் ஒரு மாதிரி. மதில்மேல ஏறிண்டு என் மரத்து அழுக்கைக் கண்ணாடி வெச்சுப் பார்ப்பான். அதோட பேசுவான். குடும்பத்துல வேற யாருக்கு உண்டோ, நான் எப்படிச் சொல்றது?"

பேசினேன் என்பது அபாண்டம். முனகினேன், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சம்பந்தம் போயிற்று. பேச்சு ஊரைச் சுற்றி வந்ததில் அடுத்த சம்பந்தமும் வாசலோடு திரும்பிற்று. மரகதம் அழவில்லை. "அந்த மாமாவை விட்டுடாதே, அண்ணா," என்றாள், ரசத்துக்குப் பெருங்காயம் வாங்கி வரச் சொல்வதுபோல.

அந்தச் சமயத்தில்தான் சீமையிலிருந்து ஒரு நிபுணரின் பதில் வந்தது. நான் அனுப்பிய துணுக்கு இதுவரை யாரும் பெயரிடாத இனமாம். பெயர் வைக்கும் உரிமை எனக்கே என்றார். தங்கை பெயரை வைக்கலாம் என்று நினைத்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவர் பேரை வை. அடுத்தவா தோலை ஒட்டிண்டு உக்காந்திருக்கு. சொந்தமா வேர் இல்லே. தண்ணி தெளிச்சாத்தான் தலை தூக்கும். யாருக்குப் பொருத்தம், நீயே சொல்லு!"

செடிகொடிக்கெல்லாம் சாஸ்திரப் பெயர் லத்தீனில்தான்; அதில் சக்ரவர்த்தி ஏறிவிட்டார். அச்சாகி வந்த பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு வாக்கியம் தயார் செய்திருந்தேன். முதலாவது, பெயர் வைத்தது. இரண்டாவது, எதற்கு என்பது.

"மாமா, உங்க இலுப்பைல நான் கண்டுபிடிச்சதுக்கு உங்க பேரை வெச்சிருக்கேன். சீமைல அச்சாயிருக்கு."

"என் பேரா? சீமைலயா?" அவர் கண் கலங்கிவிட்டது. "பெருந்தேவி! அக்காரவடிசில் எடுத்துண்டு வா! நம்ம மரத்துக்கு என் பேரை வெச்சிருக்கான்டீ! பிள்ளையில்லாத எனக்குப் பேர் சொல்ல ஒரு மரம் நிக்கறதே!"

தம் கையாலேயே ஒரு பிடி என் வாயில் திணித்தார். நெய் வழுக்கியதில் இரண்டாவது வாக்கியமும் அதோடு உள்ளே போய்விட்டது.

"சொன்னியா?" என்றாள் மரகதம்.

"பாதி."

"எந்தப் பாதி?"

"இனிப்பான பாதி."

அன்று எனக்குக் காப்பியில் சர்க்கரை இல்லை.

கருட சேவை நெருங்கியது. ஊரெல்லாம் கூடும்போது தம் பெயர் கொண்ட மரம் மூளியாக நிற்கலாமா? கோயில் மதில்போல வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடிக்கச் சக்ரவர்த்தி ஆள் வைத்தார். சுண்ணாம்பு வாளியோடு கந்தன் வந்தான். நானும் மரகதமும் மதிலுக்கு இப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"சாமி, இங்க அளுக்கு ஒட்டிக்கினு கீது. சுண்ணாம்பு புடிக்காது. சொரண்டிடவா?"

"சுரண்டுடா! என் பேர் வெச்ச மரத்துல அழுக்கா?"

மரகதம் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "வாயைத் திறக்காதே. அவரே சொல்லிச் சுரண்டட்டும். அப்பறம் போய், சுரண்டிப் போட்டது உங்களைத்தான் மாமான்னு சொல்லு."

இதைவிடப் பெரிய பழி உலகத்தில் கிடையாது. நான் சுண்டுவிரலைக்கூட அசைக்க வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கந்தனின் கொத்துக்கரண்டி பட்டையில் உரசியது. ஓர் ஓரம் பெயர்ந்து விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அடுத்த க்ஷணம் நான் மதில்மேல் இருந்தேன்.

"நிறுத்துடா கந்தா! மாமா, அந்த அழுக்குதான் நீங்க!"

"என்னடா உளர்றே?"

"மரத்துக்குத்தான் இலுப்பைன்னு ஏற்கெனவே பேர் இருக்கே. உங்க பேர் அந்தக் கறுப்புக்கு!"

கந்தன் கறுப்பைப் பார்த்தான். மிராசுதாரைப் பார்த்தான். அப்புறம் சிரிப்பை அடக்க வாளிக்குள் பார்த்தான். சக்ரவர்த்தியின் முகம் கறுத்துச் சுருங்கியது. இத்தனை மாதம் நான் காத்திருந்த முகம் அதுதான். ஆசை தீரப் பார்த்திருக்கலாம். எனக்கோ மிச்சத்தைக் காப்பாற்றும் அவசரம். குதித்து இறங்கி, கிணற்றுத் தொட்டியிலிருந்து தண்ணீரை வாரித் தெளித்தேன்.

கறுப்பு மெல்லப் பிரிந்து பச்சையாயிற்று. சக்ரவர்த்தி குனிந்தார். இன்னும் குனிந்தார்.

"உசிரோட இருக்கா?" என்றார் என்னிடம். பிறகு அதனிடமே, "ரொம்பச் சுரண்டிட்டானா?" என்று முனகினார்.

மதிலுக்கு மேல் மரகதத்தின் தலை தெரிந்தது. "திருவள்ளூர்க்காராளை வரச் சொல்லட்டுமா, மாமா? மரத்து அழுக்கோட பேசறது யாருன்னு அவாளே பார்த்துட்டுப் போகட்டும்!"

சக்ரவர்த்தி பெயர்ந்து விழுந்த ஓரத்தைப் பொறுக்கி, பட்டையில் மறுபடி ஒட்டவைக்கப் பார்த்தார்.

"தினம் விடிஞ்சதும் ஒரு சொம்பு தண்ணி தெளிங்கோ," என்றாள். "இல்லேன்னா கரியாயிடுவேள்."

அன்றிலிருந்து தினமும் வருகிறார். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தெளித்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார். மாதக்கணக்கில் தண்ணீரே இல்லாமல் காய்ந்து கிடந்தாலும் அது சாகாது. சொல்லிவிடலாம் என்று தினமும் மதிலருகே போகிறேன். அங்கே கவிழ்த்த அண்டாமேல் காப்பி டம்ளரோடு மரகதம் உட்கார்ந்திருக்கிறாள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

திரும்பி வந்துவிடுகிறேன். என் காப்பியில் இப்போது சர்க்கரை இருக்கிறது.