பத்து வீசை தனட்

என் மச்சான் ஜமாலுக்கு யாங்கூன் பபேடானில் ஆணி, ஸ்க்ரூ, தாழ்ப்பாள் விற்கிற கடை. கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. வெற்றிலைகூடப் போடமாட்டார். எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமாக ஒன்றை வைத்துக்கொண்டார்: உலகப் போர்க் காலத்து த்ரீ-நாட்-த்ரீ ரைபிள்.

எட்டு வருடத்துக்கு முன் சரக்கு எடுக்க பாங்காக் போனவர், அங்கே காசு கட்டிச் சுடுகிற ஒரு மைதானத்தில் அந்த ரைபிளால் ஐந்து குண்டு சுட்டார். ஒன்றுதான் அட்டையில் பட்டது. அதுவும் பக்கத்தில் நின்றவனுடைய அட்டை. வலது தோள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி ஊருக்கு வந்தது. என் அக்கா சைதாவிடம் பஸ் கதவு இடித்துவிட்டது என்றார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அதே மாதிரி ஒன்றைத் தன் கையாலேயே பூட்டி முடிக்க வேண்டும் என்று அலைய ஆரம்பித்தார்.

யாங்கூனில் அது முழுசாகவா கிடைக்கும்? துண்டு துண்டாகக் கிடைத்தது. அலோன் படகுத்துறைப் பக்கத்துப் பழைய இரும்புக் குவியலில் மேகசின் பெட்டி. பசுந்தாங்கில் இடித்த ஒரு வீட்டில் குழல். யாரோ புண்ணியவான் அதை ஜன்னல் கம்பியாக வைத்துச் சுவரோடு பூசியிருந்தான். பின்கட்டையை ஒரு தச்சர் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் "பம்புக்கு வேணும்" என்று சொல்லித்தான் மச்சான் வாங்குவார். துருவுக்கு மண்ணெண்ணெய், மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய், ஸ்ப்ரிங்குக்குத் தன் கடைச் சரக்கு. போன மாதம் போல்ட் அகப்பட்டது. பூட்டி, இழுத்து, விசையை அழுத்தினார். 'டக்' என்றது. மனிதர் கண் கலங்கிவிட்டார்.

குழலுக்குள் பாதிக்கு மேல் சிமெண்ட். அது எந்தக் காலத்திலும் சுடாது. ஆனால் வீடு வீடாகச் சோதனைக்கு வருகிற பட்டாளத்தாரிடம் அதை யார் எடுத்துச் சொல்வது? இப்போதைய நிலைமையில் ஒரு காலித் தோட்டா அலமாரியில் இருந்தாலே ஆள் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது.

"மச்சான், சுடாத துப்பாக்கின்னு ஜெயில்ல தள்ளுபடி தரமாட்டான்."

"இத்தன வருஷமா சும்மாத்தானே இருந்தே மாப்ள."

"போல்ட் வர்ற வரைக்கும் அது பம்பு. இப்பத்தான் தனட்."

துப்பாக்கிக்குப் பர்மியில் அதுதான் பெயர். அக்கா இன்னும் கறாராகச் சொன்னாள்: "வீட்டுல குமரு இருக்குது. வாசல்ல லாரி வந்து நின்னா எந்த மாப்பிள்ளை வீட்டான் படி ஏறுவான்?" கழற்றிப் போடச் சொன்னதற்கு அவர் நாளைக்கு, நாளைக்கு என்று பதினெட்டு நாள் ஓட்டினார்.

பத்தொன்பதாவது நாள் காலை பதினொரு மணிக்கு வார்டு ஆபீஸ் குமாஸ்தா கோ ஸோ நைங், கக்கத்தில் ஒரு ஃபைலோடு கடைக்குள் வந்தான். கடையில் கூட நின்று வியாபாரம் பார்க்கிற நானும் அங்கேதான் இருந்தேன். குடையை மடக்கிக்கொண்டே பர்மியில் சாவகாசமாகக் கேட்டான்.

"ஊ ஜமால், உங்க மாடியில தனட் இருக்குதாமே?"

மச்சான் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. தட்டு நிறைந்து, மேஜை நிறைந்து, ஆணி தரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் வாயைத் திறந்த விதத்தில், ஜன்னல் கம்பியிலிருந்து எல்லாக் கதையையும் வரிசையாகச் சொல்லிவிடுவார் என்று தெரிந்தது. அவர் காலை மிதித்தேன். எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. கடைக்கு வந்து ஒருத்தன் ஒரு பொருளின் பெயரைச் சொன்னால் முப்பது வருடமாக என்ன கேட்பேனோ, அது பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எவ்வளவு வேணும்?"

"பத்து வீசை."

மச்சான் நேர்மையான வியாபாரி. உயிர் போகிற நேரத்திலும் எடையில் பொய் வராது. "பத்தெல்லாம் வராதுங்க," என்றார். "மூணுக்கு உள்ளதான் இருக்கும்."

"மூணுதானா?" கோ ஸோ நைங்குக்கு முகம் வாடிவிட்டது. "சரி, காஞ்சதா, ஈரமா?"

ஈரத் துப்பாக்கியை யாரும் தேடி வந்து நான் கேள்விப்பட்டதில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. சுருட்டுச் சுற்றுகிற இலைக்கும் பர்மியில் தனட் என்றுதான் பெயர். எழுத்து வேறு, காதுக்கு இரண்டும் ஒன்று. நம் ஆட்களுக்கு எழுத்து எங்கே தெரியும்?

"யார் சொன்னாங்க?" என்றேன்.

"பக்கத்து வீட்டு டோ கின் அம்மாதான். ஊ ஜமால் நீளமா ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிட்டுப் படி ஏறினாராம். என்னன்னு கேட்டதுக்கு, தனட் இலைன்னாராம். எங்கம்மா வீட்டுல சுருட்டுச் சுத்துறாங்க. ஷான் மலைப் பக்கத்து ரோடு அடைச்சதுல இலையே வரமாட்டேங்குது."

மச்சானைப் பார்த்தேன். தான் சொன்ன பொய் அவருக்கே மறந்து போயிருந்தது.

"மேல போய் ஒருதடவ பாத்துடறேனே," என்று அவன் மாடிப்படியில் ஒரு கால் வைத்தான்.

"அதைப் பாக்காதீங்க. பூசணம் புடிச்சது. ஒரு தடவை பாத்தா அப்புறம் எங்ககிட்ட எதுவுமே வாங்கமாட்டீங்க. நல்ல இலை நாளைக்கு நானே வரவழைச்சுத் தரேன்."

"பூசணம்னா விலை குறையுமே."

மச்சான் தமிழில் முனகினார். "சும்மாவே குடுத்துடு மாப்ள. என் கடையையும் சேர்த்துக் குடுத்துடு."

"வாயை மூடும் மச்சான். உடனே ஒத்துக்கிட்டா சந்தேகம் வந்துடும்."

ஆகவே பேரம் பேசினேன். ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக அவன் நிற்க, நான் பாதை அடைத்ததைச் சொன்னேன், டீசல் விலையைச் சொன்னேன், அவன் தன் சம்பளத்தைச் சொன்னான், நான் நெஞ்சில் கைவைத்தேன். அந்தக் கை நடிப்பில்லை. கடைசியில் பூசண இலையின் விலைக்குப் புது இலை, அதையும் அவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குவது என்று முடிந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு மோசமாக நான் விற்றதில்லை. பிடிக்க வந்தவன் இவ்வளவு நேரம் விலையைக் குறைக்கமாட்டான் என்ற நினைப்பில் விலை ஒவ்வொரு படி இறங்கும்போதும் உள்ளே குளிர்ந்தது.

அவன் குடையை விரித்துத் தெருமுனை திரும்பியதும் ஷட்டரை இறக்கினோம். மச்சான் மாடிக்கு ஓடவில்லை; மெதுவாக, ஒவ்வொரு படியாக ஏறினார். எட்டு வருடம் சேர்த்ததைக் கழற்ற இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்ப்ரிங் ஸ்ப்ரிங் டப்பாவுக்கும், ஸ்க்ரூ ஸ்க்ரூ டப்பாவுக்கும் போயின. குழலை நான் ஒரு பக்கம் பிடிக்க, அவர் ரம்பத்தால் நாலாக அறுத்தார். போல்ட்டைச் சுத்தியலால் அடித்து நசுக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நசுக்கினார்.

கட்டைகளை அக்கா வாங்கிக்கொண்டாள். கரண்ட் இல்லாத நாள், கரி அடுப்புதான். எண்ணெய் குடித்த மரம், ஊதாமலே பற்றிக்கொண்டது.

"நல்லா எரியுதுங்க. இன்னும் ரெண்டு வச்சிருந்திருக்கலாம்," என்றாள்.

பதினெட்டு நாள் கோழி கொத்துவதுபோல் கொறித்த மச்சான், அன்றைக்கு மூன்று தடவை சோறு கேட்டார். மூன்றாவது தடவை ரசம் வேண்டாம், மறுபடியும் குழம்பே ஊற்றச் சொன்னார். பிறகு கூடத்துத் தரையில் அப்படியே சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு, சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்வரை குறட்டை விட்டார். யாரும் எழுப்பவில்லை.