ரஹ்மா கை தூக்கும் வரை

1

இந்தக் கதையை நான்கு தடவை தொடங்கி, நான்கையும் அடுப்பில் போட்டுவிட்டேன். ஐந்தாவது தடவைக்கு உடம்பில் தெம்பு குறைவு. ஆகவே கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ரிஃப் மலையில், நடுக்குளிர்காலத்தில், ஒரு வீடு மட்டும் அடிக்காமல் இருந்தது. அந்த வீட்டுக்குத் துணி விற்றவன் நான்.

வியாழக்கிழமைச் சந்தையில் சல்லடைத் துணி விற்பது என் பிழைப்பு. கஞ்சாப் பயிர் போட்ட எந்த வீடும் என் கடைக்கு வராமல் இருக்க முடியாது. வாங்கியவன் அடிக்கவில்லை என்றால் எனக்கு உறுத்தும். துணியில் ஏதோ குறை என்று தோன்றும்.

[இங்கே மலையை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. தேவதாரு, பனி, புகை. எடுத்துவிட்டேன். மலை எங்கேயும் போய்விடாது.]

2

அடிப்பது என்றால் என்ன என்று சொல்லாமல் மேலே போக முடியாது. அலுத்துப்போன நாளிலும் இதைச் சொல்ல எனக்கு அலுக்காது.

காய்ந்த பூவின் மேல் கண்ணுக்குத் தெரியாத பிசின் மணிகள் இருக்கும். வெயிலில் அவை விரலோடு ஒட்டும். ஈரமில்லாத கடுங்குளிரில் கண்ணாடி போலச் சட்டென்று கழன்று விழும். அந்தக் குளிருக்காகத்தான் மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். அகன்ற பேசினின் வாயில் துணியை மேளத்தோல் போல இழுத்துக் கட்டுவோம். மேலே பூ, அதை மூடி ஒரு பிளாஸ்டிக் தாள். இரண்டு குச்சிகளால் தட்டத் தட்ட, மணிகள் துணியின் கண் வழியாக இறங்கும். முதலில் இறங்குவது மணல் நிறம். அதுதான் முதல் தூள். விடாமல் தட்டினால் இலையும் நொறுங்கி இறங்கும். தூள் பச்சையாகிவிடும். அப்படிக் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க எங்களுக்கு வழி தெரியாது.

இதில் வேடிக்கை, துணிக்கு அடியில் நடப்பதை யாரும் பார்க்க முடியாது என்பது. காதுதான் கண். முதலில் சத்தம் நெல் மூட்டையைத் தட்டுவது போல அடைத்து வரும். போகப்போக வெறும் பேசினைத் தட்டுவது போல வெளுத்துவிடும். அடைப்பு விட்டு வெளுப்பு தொடங்கும் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் தொழில்.

(அடிக்குறிப்பு: எழுத்துக்கும் இவ்வளவுதான். முதல் நான்கு பிரதிகளும் பச்சை.)

3

மெஸியானைப் பற்றி.

"மெஸியான் ஒரு பிடிவாதக்கார…" வேண்டாம்.

"பதினோரு வருடங்களுக்கு முன், ஊற்றுத் தண்ணீர் முறைக்காக இரண்டு வீடுகள்…" இதுவும் வேண்டாம், நீளும். சுருக்கமாகச் சொல்கிறேன். மெஸியானும் பக்கத்து வீட்டு ஹம்மாதியும் வயலுக்குத் தண்ணீர் திருப்பும் முறையில் சண்டை போட்டுக்கொண்டார்கள். அதன்பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நடுவில் ஒரு கல்சுவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் ஹம்மாதி இறந்துபோனார்.

சாவு விழுந்தால், அந்த வீட்டுக்குச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருப்பவர்கள் மூன்று நாள் அடிக்க மாட்டார்கள். கேட்பவர்களுக்கு அது கல்யாண மேளம் போலிருக்கும். மற்ற வீடுகளுக்கு இதனால் கஷ்டமில்லை, எல்லோரும் அடித்து முடித்திருந்தார்கள். இன்னும் நல்ல குளிர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தவன் மெஸியான் ஒருவன்தான். குளிர் திங்கள் இரவுதான் வந்தது. புதன் மாலை மேற்குக்காற்று ஈரத்தைக் கொண்டுவரும் என்று முழங்கால் வலி உள்ள எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதல் தூளுக்கு மட்டும் முழு விலை கொடுக்கும் வியாபாரி வியாழன் வருவான். அவன் கொடுப்பதை வைத்துத்தான் அடுத்த திங்கள் தெத்துவான் நகரத்து ஆஸ்பத்திரியில் மெஸியானின் மனைவி யாம்னாவுக்குக் கண் அறுவை. போன முறை நாள் தவறியதில் ஒரு வருடம் போயிற்று, மிச்சப் பார்வையில் பாதியும் போயிற்று.

ஆக, அடிக்க இருந்தது புதன் காலை ஒன்றுதான். அதுவும் துக்கத்தின் மூன்று நாளுக்குள்.

4

அடக்கம் முடிந்து நான் மெஸியான் வீட்டுக்குப் போனேன்.

"காத்து காஞ்சு கெடக்கு, குளிரு கடிக்குது, அடிக்கலையான்னு நான் கேக்க மாட்டேன்," என்றாள் யாம்னா. "கண்ணுதான் தெரியல. மரியாதை தெரியும்."

"கேட்டுட்டியே," என்றான் மெஸியான்.

"ஊரே அடிச்சப்ப நீ மூக்கை வெளிய நீட்டி 'இன்னும் பத்தல, இன்னும் பத்தல'ன்னே. இப்ப பத்துச்சா மனுஷா?"

"தண்ணியிலதான் என் முறையப் பிடுங்குனான்னு பாத்தா, சாகறதுலயும் பிடுங்கிட்டான்."

"ச்சீ! மண்ணு இன்னும் காயல." திட்டியவள் அடுத்த நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மெஸியான் என் பக்கம் திரும்பினான். "துணிக்காரா, மெதுவா அடிச்சா கேக்காதில்ல?"

"மெதுவா அடிச்சாத்தான் தெளிவாக் கேக்கும்," என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். "அதுவும் நீ அடிச்சா, எதிரி செத்ததுக்குக் கொட்டு அடிக்கிறான்னுதான் சொல்வாங்க."

"வேணாம் விடு," என்றாள் யாம்னா. "அடுத்த வருஷம் போவோம். என்ன, உன் மூஞ்சியப் பாக்கறது ஒரு வருஷம் தள்ளிப் போகுது. அவசரமில்ல."

மெஸியான் எழுந்து, துக்கம் கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் சர்க்கரைக் கூம்பு ஒன்றை எடுத்துக்கொண்டான்.

5

துக்க வீட்டுக்கு நானும் கூடப் போனேன். [இரண்டாம் பிரதியில் மெஸியான் இங்கே அழுதான். உண்மையில் அழவில்லை. சர்க்கரையைக் கொடுக்கத் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.]

ஹம்மாதியின் மனைவி ரஹ்மா வெள்ளை உடுத்தியிருந்தாள். "பதினோரு வருஷத்துக்கு ஒரு கூம்பு. கீழ வை அண்ணே, உன் சூட்டுல உருகிடப் போகுது."

வைத்தான்.

"இன்னும் அடிக்கல போல?"

"எப்படித் தங்கச்சி அடிக்கிறது?"

"நீ கதவச் சாத்திக்கிட்டு அடிக்கிறப்பல்லாம் அவரு அந்தச் சுவத்து மேல உக்காந்து கேப்பாரு. தெரியுமா?"

"என்னைத் திட்டவா?"

"திட்டத்தான். 'நிறுத்துடா, இப்ப நிறுத்துடா கழுதை'ம்பாரு. நீ எங்க நிறுத்துனே? உள்ள வந்து ரொட்டியத் தள்ளி வச்சுருவாரு. 'கெடுத்துட்டான் ரஹ்மா, மறுபடியும் கெடுத்துட்டான்'ம்பாரு. என்னமோ அவரு வீட்டுத் தூளு மாதிரி."

மெஸியான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருடமாக வியாபாரி அவன் தூளைக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, பச்சை என்று விலையைக் குறைத்துக்கொண்டிருந்தான். மூன்று வருடமும் மெஸியான் என் துணியைத்தான் குறை சொன்னான். நானும் மூன்று தடவை மாற்றிக் கொடுத்தேன்.

"காலையில நான் சுவத்துல உக்காருறேன்," என்றாள் ரஹ்மா. "ஊரு பாக்கட்டும். கேக்கறவங்க என்கிட்ட கேக்கட்டும். நான் கை தூக்குனா நிறுத்து. அவரு எங்க நிறுத்தச் சொல்வாருன்னு எனக்குத் தெரியும்."

6

இவளை நான் நம்புகிறேனா? எழுதுகிறவன் இதைச் சொல்லக் கூடாதுதான். முதல் பிரதியில் அவள் தேவதை. படித்துப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. மூன்றாம் பிரதியில் பழிகாரி: கணவனின் பதினோரு வருடக் கசப்புக்காக, தூள் பச்சையாகும்வரை கையைத் தூக்கவே மாட்டாள். அதுவும் பொய்யாக இருந்தது, ஆனால் கொஞ்சம் குறைவாக.

மெஸியானும் நடந்து திரும்பும்போது இதைத்தான் கேட்டான். "அவ தூக்கலன்னா?"

"நீயே நிறுத்து."

"எனக்குத்தான் காது இல்லைங்கறாளே."

புதன் காலை கொட்டகைக் கதவைத் திறந்துவைத்தான். துணியை நான்தான் இழுத்துக் கட்டினேன். பிளாஸ்டிக் தாளின் ஓரத்தை யாம்னா கைதடவிப் பிடித்துக்கொண்டாள். சுவரில் ஒரு வெள்ளை உருவம்.

[சுவர் உண்மையில் இன்னும் தள்ளி இருக்கிறது. கை தெரிவதற்காக நான்தான் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்தேன்.]

முதல் அடி விழுந்ததும் பள்ளத்தாக்கில் கதவுகள் திறந்தன. யாரோ மேலேயிருந்து கத்தினார்கள்: "டேய், சாவு வீட்டுப் பக்கத்துலயா?" பிறகு சுவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

7

முடிவுகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் கை சரியான இடத்தில் உயர்கிறது, யாம்னா திங்களன்று பஸ் ஏறுகிறாள். இன்னொன்றில் கை உயர்கிறது, மெஸியானின் கைகள் பழக்கத்தில் இன்னும் பத்து அடி அடித்துவிடுகின்றன. மூன்றாவதில் கை உயரவே… போதும். ஒவ்வொன்றையும் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் இலை நொறுங்கும் சத்தம் கேட்டது. நான் மெஸியானின் ஜாதி. எங்கே நிறுத்துவது என்று எனக்கும் தெரிந்ததில்லை.

அவன் அடித்துக்கொண்டிருக்கிறான். கண் சுவரில் இருக்கிறது. யாம்னா தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். மூட்டைச் சத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் நடுநடுவே, ஒரு அடி விட்டு ஒரு அடி, லேசாக வெளுக்கிறது.

இரண்டாம் பகுதியிலேயே உங்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். நான் பேனாவை வைக்கிறேன். சுவரில் ரஹ்மாவுக்குப் பக்கத்தில் ஹம்மாதி உட்கார்ந்த இடம் காலியாக இருக்கிறது, உட்காருங்கள். காது கொடுங்கள். தூக்க வேண்டிய கை உங்கள் மடியில்தான் இருக்கிறது.