முப்பத்தோராந் திகதி மட்டும்

“அப்ப ஹேவாஹெட்ட பக்கமிருந்து ஒரு புள்ளகூட அப்ளிகேஷன் போடலன்னு சொல்றீங்களா அண்ணே?”

கண்டியில் அந்தத் தாதியர் பயிற்சி நிலையத்தில் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் பதிபவள் சுகிர்தா. அங்கே மென்பொருள் பார்க்கும் கௌசிகன், யாழ்ப்பாணத்துக்காரன், திரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“லிஸ்டில இல்லையெண்டா இல்லைதானே, தங்கச்சி. மே ஒண்டில இருந்து முப்பத்தொண்டு மட்டும் வந்த எல்லாத்தையும் எடுத்திருக்கன்.”

“முப்பத்தொன்னு மட்டுமா? மத்த நாளெல்லாம்?”

“ஐயோ, எங்கட ‘மட்டும்’ எண்டா உங்கட ‘வரைக்கும்’!”

சிரிக்கும் நிலையில் அவள் இல்லை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து, பஸ் ஏறி வந்து, கடைசி நாளில் விண்ணப்பித்த இருபத்திமூன்று ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளையும் பதிந்தது அவள் கைதான். நாளைக் காலை நேர்முகத் தேர்வு. பட்டியலில் பெயர் இல்லையென்றால் இன்னொரு வருடம் போச்சு.

“திகதி போட்ட அந்த வரியக் காட்டுங்க.”

`created_at BETWEEN '2025-05-01' AND '2025-05-31'`

“கடைசித் திகதிக்கு நேரம் எங்கண்ணே? நேரம் போடாட்டி கம்ப்யூட்டர் அத நடுச்சாமம் பன்னெண்டுன்னுதான் எடுக்கும். முப்பத்தொன்னு பொறந்த நிமிஷமே கதவ மூடிட்டீங்க! நான் பதிஞ்சது பின்னேரம் மூணு பத்துக்கு அப்புறம். இது உங்க ‘மட்டும்’மும் இல்ல, எங்க ‘மட்டும்’மும் இல்ல!”

கீபோர்டை இழுத்து, ஜூன் ஒன்றுக்கு முந்திய எல்லாம் வரும்படி அவளே மாற்றினாள்.

`created_at >= '2025-05-01' AND created_at < '2025-06-01'`

பட்டியலில் நூற்றுப் பதினெட்டுப் பெயர், நூற்று நாற்பத்தொன்றானது.

“ஓம்... பிழை என்ரதான்,” என்றான் கௌசிகன்.

இருவரும் பணிப்பாளர் லீலாதேவியிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“லிஸ்டில கையெழுத்து வச்சு போர்டில ஒட்டியாச்சு. கடைசி நாள் பாத்து வந்து நிண்டா இப்பிடித்தான்.”

சுகிர்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கடைசி நாளும் நாள்தானே மெடம்? அவங்க பிந்தி வரல. நம்ம கம்ப்யூட்டர்தான் முந்திப் படுத்திருச்சு!”

லீலாதேவியின் செருப்புச் சத்தம் மட்டும் படியிறங்கிப் போனது.

சுகிர்தா ஃபோனை எடுத்தாள். இருபத்திமூன்று வீடுகள். “நாளைக்கு எட்டரைக்கு வந்துருங்க. போர்டுல பேர் இல்லன்னா பயப்படாதீங்க. பதிஞ்ச நேரம் உள்ள லிஸ்டோட நான் வாசல்லயே நிப்பேன்.”

“ரெண்டு பிரதி அடிக்கட்டே?” என்றான் கௌசிகன்.

“நாலா அடிங்கண்ணே. கிழிச்சாலும் கையில இருக்கணும்.”

நாளைக்கு அவள் வேலையே போகலாம். தெரிந்துதான் கூப்பிட்டாள். நீங்களே சொல்லுங்கள், அவள் செய்தது சரிதானே? நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?