வாடாத பத்துத் தொட்டிகள்

பசுமைக்குடிலுக்குள் நுழைந்த ஆராய்ச்சிக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். இருபது தக்காளித் தொட்டிகள். மூன்று வாரமாக எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர். அவள் மரபணு மாற்றிய பத்துச் செடிகள் தழைத்திருக்க வேண்டும், சாதாரணச் செடிகள் பத்தும் இந்நேரம் கருகியிருக்க வேண்டும். இருபதும் பச்சைப் பசேலென்று நின்றன. சாதாரணச் செடியே உப்பைத் தாங்குமென்றால் அவள் மரபணு எதற்கு? இரண்டு வருட உழைப்பு அம்போ.

முக்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். வெதுவெதுப்பான ஈரக் காற்று, கண்ணாடியில் வழியும் துளிகள். கண் செருகியது. வேருக்குள் இறங்கிப் போவது போலிருந்தது. அங்கே சின்னச் சின்ன வாசல்கள். உப்பிலிருந்து வந்த சோடியம், செடிக்கு உயிரான பொட்டாசியத்தின் ஜாடையைக் காட்டி நைசாக உள்ளே நுழைந்தது. பொட்டாசியமோ சொந்த வீட்டை விட்டுக் கசிந்து போனது. அவள் வைத்த மரபணு இருந்த வேரில் மட்டும் அந்தக் கதை நடக்கவில்லை. அது வாசலில் நின்று சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தைக் கைப்பிடித்து நிறுத்தியது. என்ன அழகு! ஆனால் பக்கத்து வேரில் காவலே இல்லை, அங்கும் பொட்டாசியம் நிரம்பிக் கிடந்தது. யாரோ கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள்.

திடுக்கிட்டு விழித்தாள். சாதாரணச் செடியின் மண்ணைக் கிளறினாள். விரலில் சாம்பல் ஒட்டியது.

"தண்ணி அக்கா!"

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் அக்கா வாளியோடு வந்தாள். முகத்தில் திருட்டு முழி.

"இதுல சாம்பல் எப்படி வந்துச்சு?"

"பாவமா இருந்துச்சும்மா. இலையெல்லாம் வெளிறித் தலை தொங்கிப்போச்சு. எங்க வீட்டுச் செடிக்குப் போடுற மாதிரி அடுப்புச் சாம்பலக் கரைச்சு ஊத்தினேன்."

சாம்பலில் பொட்டாசியத்துக்கா பஞ்சம்! சோதனையே பாழ். ஆத்திரம் தலைக்கேறியது.

"ஊத்துனதுதான் ஊத்துனீங்க, இந்தப் பக்கம் இருக்கிற பத்துக்கு மட்டும் ஏன் ஊத்தல?"

"அதுங்களுக்கு என்ன கேடு? அவ்வளவு உப்பையும் குடிச்சிட்டு ஜம்முனு நின்னுச்சுங்க. பார்த்தா பாவமே வரல."

ஆராய்ச்சிக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இரண்டு வருடத்தில் அந்த மரபணுவைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அதை அறிக்கையில் எழுத முடியாது என்பதுதான் கொடுமை.

"மறுபடி முதல்லேர்ந்து போடணும் அக்கா. இந்தத் தடவை சாதாரணச் செடி வாடினா வாடட்டும். யாரும் கை வைக்கக் கூடாது."

அக்கா இடுப்பிலிருந்து குடிலின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"அப்ப நீங்களே பக்கத்துல இருந்து பார்த்துக்குங்க. அதுங்க வாடுறதப் பார்க்க என்னால முடியாது."

இத்தனை நாளும் ஆராய்ச்சிக்காரி இலையைப் பொடித்து, கருவி காட்டும் எண்ணைத்தான் பார்த்திருக்கிறாள். ஒரு செடி வாடுவதை உட்கார்ந்து பார்த்ததே இல்லை.