அற்புதராஜின் இரண்டு ஜேக்

சீட்டை விரித்துப் பார்த்த றீட்டா அதை அவசரமாக மூடிக்கொண்டாள். கெட்ட கை வந்திருந்தால் கவலையே இல்லை, 'பாஸ்' என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வந்திருந்ததோ ஆயுளுக்கு ஒருமுறை வருகிற கை. இஸ்பேட்டில் ஏஸ், கிங், குயினோடு ஆறு சீட்டு. ஆர்ட்டினிலும் ஏஸ், கிங், குயின், கூடவே ஒரு சின்னச் சீட்டு. கிளாவரில் ஏஸோடு மூன்று. டைமனில் ஒன்றுகூட இல்லை. இப்படியொரு கையை வைத்துக்கொண்டு தனியாளாக ஏலம் கேட்க முடியாது. எதிரே இருக்கிற துணை தன் கையில் உள்ளதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். எதிரே இருந்தது அவள் புருஷன் அற்புதராஜ்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். போன மழைக்காலத்தில் ஒரு காலை, பேசிக்கொண்டிருந்தவருக்கு வாய் குழறியது. லேசான பக்கவாதம், நல்லவேளையாகத் தப்பித்தார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கையும் காலும் பழையபடி வந்துவிட்டன. மூளையும் முழுசாக வந்துவிட்டதா என்று மட்டும் யாரும் அடித்துச் சொல்லவில்லை. அன்றிலிருந்து றீட்டா, இன்றைக்கு என்ன கிழமை, நேற்று என்ன கறி என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டு அவரை வேவு பார்த்தாள். அந்த மனிதர் எரிந்து விழாமல் என்ன செய்வார்? கடைசியில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிரிட்ஜ் சீட்டு ஆடப் போவோமா என்றாள். ஆட்டத்தில் எல்லாம் தெரிந்துவிடும் என்பது அவள் எண்ணம். தெரிந்துவிடுமே என்ற பயமும் அவளுக்குத்தான்.

பதுளை டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற சிதம்பரநாதனும் அவர் மனைவி சந்திரகாந்தியும் எதிரணி. அவர்கள் வீட்டு மாடியில்தான் ஆட்டம்.

"ரெண்டு கிளாவர்" என்றாள் றீட்டா. அதற்கும் கிளாவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 'ஏங்கிட்டப் பெரிய கை இருக்கு, பாதியில விட்டுறாதீங்க' என்று துணைக்குக் கொடுக்கிற சேதி அது. மூளை தடுமாறியவராக இருந்தால் இந்த இடத்திலேயே பாஸ் சொல்லியிருப்பார்.

"ரெண்டு டைமன்" என்றார் அற்புதராஜ். மேலே சொல்லு, கேட்கிறேன் என்று அர்த்தம். றீட்டாவுக்குப் பாதி உயிர் வந்தது.

அவள் இரண்டு இஸ்பேட் என்றாள். அவர் மூன்று இஸ்பேட் என்றார். உன் இஸ்பேட்டுக்கு என்னிடம் ஆதரவு உண்டு, உதவுகிற சீட்டும் உண்டு என்பது அதன் பொருள். உதவ ஒன்றுமில்லை என்றால் அவர் நேரே நாலுக்குத் தாவியிருக்க வேண்டும். அவர்களுக்குள் பல வருடமாக அப்படித்தான் பேச்சு. றீட்டா துணிந்து ஆறு இஸ்பேட் கேட்டாள். இஸ்பேட்டைத் துருப்பாக்கி, பதின்மூன்று சுற்றில் பன்னிரண்டை எடுத்தாக வேண்டும்.

ஆட்டம் தொடங்கியதும் முறைப்படி அற்புதராஜ் தன் சீட்டுகளை மேசையில் விரித்தார். றீட்டா ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். ஏஸ் இல்லை, கிங் இல்லை, ஒரு குயின்கூட இல்லை. இஸ்பேட்டில் ஜேக்கும் ஒன்பதும் ஒரு சின்னச் சீட்டும். ஆர்ட்டினிலும் ஜேக்கும் ஒன்பதும். மிச்சமெல்லாம் குப்பை.

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. முந்நூற்றுநாலு. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் முதலில் பழகுகிற சீட்டாட்டம் அது. அதில் ஜேக்தான் ராஜா, அடுத்தது ஒன்பது, ஏஸ் அதற்கும் கீழே. இந்த மனிதர் பிரிட்ஜை மறந்து, சின்ன வயது ஆட்டத்துக்கே போய்விட்டார். நாளைக்கு அவளையும் மறந்துவிடுவார். ஆட்டத்தின் நடுவே துணையிடம் ஒரு வார்த்தை கேட்கவும் முடியாது. அழுகையை விழுங்கிக்கொண்டு ஆடினாள்.

ஒரு கிளாவர் போனது. சரி, போகட்டும். இன்னொன்றை அவருடைய சின்ன இஸ்பேட்டால் வெட்டினாள். இஸ்பேட்டை இறக்கியபோதுதான், மீதி நாலு இஸ்பேட்டும் சந்திரகாந்தியிடமே இருப்பது தெரிந்தது. ஜேக் மட்டும் அங்கே போயிருந்தால் கதை முடிந்திருக்கும். அது இங்கே இருந்தது. ஆர்ட்டினில் தன் சின்னச் சீட்டுத்தான் தோற்குமென்று நினைத்திருந்தாள். அதையும் அற்புதராஜின் ஜேக் காப்பாற்றியது. பன்னிரண்டு சுற்றும் அவர்களுக்கே. சிதம்பரநாதன் சீட்டுகளைப் போட்டுவிட்டு, இப்படியும் ஏலம் கேட்பார்களா என்று தலையைச் சொறிந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும்போது றீட்டா பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"என்னங்க, அந்தக் கையில எதப் பாத்து மூணுன்னு சொன்னீங்க?"

"ரெண்டு கிளாவர்னு ஆரம்பிச்சு இஸ்பேட்டுக்கு வந்த. அப்ப பெரிய சீட்டெல்லாம் ஓங்கிட்டத்தான் இருக்கணும். ஜேக் எங்கயோன்னுதானே நீ பயந்துக்கிட்டு இருப்ப? அது ஏங்கிட்ட இருந்துச்சு. ஜேக் இல்லாத கையின்னா நாலுதான் சொல்லியிருப்பேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "முந்நூத்திநாலு ஆடுறேன்னு நெனச்சியா? மூஞ்சியிலயே தெரிஞ்சிச்சு" என்றார். "சரி, பரீட்சையில நான் பாஸா?"

றீட்டாவுக்கு நடுத்தெருவில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிப்போன அழுகை. கேட்டுவிட்டாரே என்று வெட்கமாகவும் இருந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அற்புதராஜ் அவள் பக்கம் திரும்பாமல் சொன்னார். "ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்த ஜவுளிக்கடைக்காரர் பேரு பின்னேரம் பூராவும் எனக்கு வரவே இல்ல."

றீட்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேர நான் சொல்றேன். நீங்க ஜேக்க வச்சிருங்க."