எந்தக் கிண்ணத்துத் தண்ணீர்

1

காலை எட்டேகால். பேருந்தில் எனக்கு எதிர் இருக்கையில் இருந்தவரின் தாடையோரம் ஒரு காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. சவரத்தில் பட்ட வெட்டு. அடுத்த நிறுத்தத்தில் புள்ளி மிளகளவு ஆனது. அதற்கடுத்ததில் காகிதம் முழுக்கச் சிவப்பு. அவர் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கதை அங்கே பிடித்தது. சொல்லிக்கொள்ளும்படி வேறு காரணம் இல்லை.

2

முதல் தொடக்கம்: "ஜப்பானில் ஒரு மலையின் வயிற்றிலிருந்து வெட்டியெடுத்த அந்தக் கல், பல கோடி ஆண்டுகளாக"

(வேண்டாம். கல்லின் வயதைச் சொல்லப் போனால் கதைக்கு வயதாகிவிடும்.)

இரண்டாம் தொடக்கம்: "கட்டிய மனைவியைவிட அவனுக்குக் கல்லின் மேல்தான்"

(இது மனைவி சொல்லவேண்டிய வாக்கியம்.)

மூன்றாவது இது, இதுவே நிற்கட்டும். மருமகன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். வீட்டில் சவரக்கத்தி தீட்டுவான். மடக்கி நீட்டும் பழைய கத்தி. முரட்டுச் சாணைக்கல்லில் தொடங்கி, கடைசியாக ஜப்பானிய இயற்கைக் கல்லில் முடிப்பான். சாம்பல் நிறம், உள்ளங்கை அகலம். தண்ணீர் தெளித்து, அதே வகைச் சிறு துண்டால் மேலே தேய்த்தால் கல் கரைந்து பால்போல் விடும். கத்தியை அந்தப் பாலில் படுக்கவைத்து, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துப் பாலை நீர்க்கவைத்து, வெறும் தண்ணீரில் முடிக்க வேண்டும்.*

* முரட்டுக் கல்லுக்கு நீலக் கிண்ணம். கடைசிக் கல்லுக்கு வெள்ளைக் கிண்ணம். நீலத்தில் மணல்போல் பொடி கலந்திருக்கும். அதில் ஒரு துகள் கடைசிக் கல்லில் ஏறினாலும் கத்தி விளிம்பில் பல்போல் பிசிறு விழும். கண்ணுக்குத் தெரியாது. தோலுக்குத் தெரியும்.

3

மாமனாரை முதலில் முரடராக எழுதினேன். நம்ப முடியவில்லை. பிறகு சாதுவாக எழுதினேன். அது இன்னும் மோசம். இப்போது இருப்பவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். இதய வால்வு மாற்றிக்கொண்டு மகள் வீட்டில் இருக்கிறார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. கீறல் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது.

மகள் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கணவனிடம் சொன்னாள்.

"அப்பாவுக்கு மெஷின் மட்டுந்தான். உங்க கத்தி அவர் முகத்துப் பக்கம் போகக்கூடாது."

"நான் எதுக்குப் போறேன்?"

"நீங்க போக மாட்டீங்க. அவர் கூப்பிடுவார்."

கதவு சாத்தியதும் கூப்பிட்டார்.

"மாப்ள, மெஷின் செத்துப்போச்சு."

"சார்ஜ் போட்டா சரியாயிடும் மாமா."

"சார்ஜரக் காணோம்."

சார்ஜரின் வால் தலையணைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"என்கூட வண்டி ஓட்டினவன் இன்னிக்குப் பாக்க வர்றான். மெஷின்ல எடுத்தா அறுத்த வயல் மாதிரி அங்கங்க தாள் நிக்குது. போயி, 'ஆளு முடிஞ்சிட்டான்'னு ஊரெல்லாம் சொல்லுவான். அவன் வாய் அப்படி."

"நீங்களே பண்ணிக்கலாமே மாமா, மெதுவா..."

மாமனார் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. உடனே மடியில் ஒளித்துக்கொண்டார்.

(கல்யாணம் ஆன நாளாக அவர் மருமகனிடம் எதுவும் கேட்டதில்லை. "பகலெல்லாம் கண்ணாடி தேய்க்கிறார், வீட்டுக்கு வந்தா கல்லு தேய்க்கிறார். தேய்பிறையில பொறந்திருப்பார்போல" என்று மகளிடம் சொன்னது இவன் காதிலும் விழுந்திருக்கிறது.)

'முடியாது' என்று எழுதிப் பார்த்தேன். அவன் வாயில் அது நிற்கவில்லை.

"கத்தியப் புதுசாத் தீட்டிட்டு வந்துடுறேன் மாமா" என்றான்.

4

சமையலறைத் தொட்டியின் மேல் பலகை. பலகையில் கல். இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் வெள்ளை. முரட்டுக் கல்லை முடித்து, கத்தியைக் கழுவித் துடைத்து, கடைசிக் கல்லுக்கு வந்துவிட்டான். பால் நீர்த்துவிட்டது. இன்னும் சில ஓட்டம்.

மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கை ஒரே சீரா போகுது மாப்ள. ரயில் தண்டவாளத்துல போற மாதிரி."

மருமகன் நிமிர்ந்தான். அவர் முகத்தில் கேலி இல்லை. அவன் விரல்கள் தாமாக ஒரு கிண்ணத்தில் நனைந்து, கல்லின் மேல் உதறின. கத்தி போய் வந்தது.

கர்.

அல்லது அப்படி ஒன்று. பக்கத்து வீட்டில் நாற்காலி இழுத்த சத்தமாகவும் இருக்கலாம்.

அவன் குனிந்து கிண்ணங்களைப் பார்த்தான். இரண்டிலும் தண்ணீர் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

5

எந்தக் கிண்ணம்?

எழுதியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பீர்கள். நியாயம். ஆனால் அந்த இடத்தை எழுதும்போது நானும் மாமனாரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிண்ணங்களை மனைவி இடம் மாற்றி வைத்துவிட்டாள் என்று எழுதலாம். வீட்டில் இல்லாதவள், எதிர்த்துப் பேச மாட்டாள். வேண்டாம்.

அவன் கல்லைக் குழாயில் கழுவினான். கத்தியைத் தோல்வாரில் இழுத்தான். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி விளிம்பில் தொட்டான். அறுந்து விழுந்தது. அடியில் ஒன்று, நுனியில் ஒன்று. விழுந்தன. முடி தொட்ட இடத்துக்குத்தான் முடி சாட்சி. நடுவில் இருக்கும் இடங்களுக்கு யார்? நாளெல்லாம் லென்ஸோடு மாரடிக்கிறவன் வீட்டில் ஒரு பூதக்கண்ணாடி இல்லை.

முரட்டுக் கல்லிலிருந்து திரும்பத் தீட்டலாம். நேரம் இருக்கிறது. மாமனார் ஏன் என்று கேட்பார். "எனக்குச் சந்தேகமா இருக்கு மாமா" என்று சொல்ல வேண்டிவரும். சந்தேகம் என்று ஒருமுறை சொன்ன கைக்கு எந்த ஓட்டுநரும் இரண்டாவது முறை கழுத்தைக் கொடுக்க மாட்டார். தலையணையைத் தூக்கி சார்ஜரை எடுப்பார். மெஷின் ஓடும். அதன்பின் இவனிடம் எதுவும் கேட்க மாட்டார்.

சொல்லாவிட்டால், கழுத்து.

6

முடிவுகள்.

(அ) ஒன்றும் ஆகவில்லை. நண்பர் வருகிறார். மாமனார் தாடையைத் தடவிக்கொண்டே, மருமகன் கை வேலை என்கிறார். (எழுதினேன். ஒருவருக்கும் பயம் இல்லாத முகங்களாக இருந்தன. கிழித்தேன்.)

(ஆ) தாடைக்குக் கீழே மெல்லிய கோடு. துண்டு. இன்னொரு துண்டு. மனைவிக்குப் போன். அவள் எடுத்ததும் இவன் முதலில் சொல்வது, "நான்"

(இதற்கு மேல் கை ஓடவில்லை.)

(இ) "வேண்டாம் மாமா" என்கிறான். அவர் நுரையைத் தானே துடைத்துக்கொள்கிறார். யாருக்கும் கீறல் இல்லை. மூன்றில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது இதைத்தான். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

நான் எதையும் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. அவர்களை விட்டுவந்த இடத்தை மட்டும் சொல்கிறேன். ஜன்னலோரம் நாற்காலி. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டு. நுரை போட்டாயிற்று. மருமகனின் இடது கட்டைவிரல் அவர் காதருகே தோலை இழுத்துப் பிடித்திருக்கிறது. வலது கையில் கத்தி, தோலைத் தொடாமல். விரலுக்கடியில் நாடி துடிக்கிறது. யாருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கத்தி நிற்பது மாமனாருக்குத் தெரிகிறது. கண்ணைத் திறக்காமலே பேசுகிறார்.

"கத்தி நல்லா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா போதும் மாப்ள, தலையச் சாச்சுடுவேன். சொல்லுங்க... நல்லா இருக்கா?"